மண்குதிரையின் கண்

கண்மாய்க்கரைக் காட்டில் ஒரு மைனா முட்டையிட இடம் தேடி அலைந்தது. அது குடியிருந்த பனைமரம் காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. ஆலமரப் பொந்தில் ஆந்தை இருந்தது. வேப்பமரப் பொந்தில் கிளி இருந்தது. வயிற்றில் முட்டையை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் அலையும், பாவம்!

அந்தக் காட்டின் நடுவில் ஓர் அய்யனார் கோயில். கோபுரம், மதில் எல்லாம் கிடையாது. மூன்று ஆள் உயரத்தில் ஒரு மண்குதிரை, அவ்வளவுதான். அய்யனார் கண்ணுக்குத் தெரிய மாட்டார். அவர் ஏறி வருகிற குதிரைதான் தெரியும். அதன் முகத்தில், மண்ணைப் பிசைந்து அதைச் செய்த வேளார் வரைந்த பெரிய பெரிய கண்கள். அந்தக் கண் வழியாகத்தான் சாமி எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று மிருகங்கள் பேசிக்கொள்ளும்.

குதிரையின் விலாவில் தேங்காய்ப் பருமனுக்கு ஓர் ஓட்டை இருந்தது. சூளையில் வேகும்போது வெடித்துவிடக் கூடாது என்று வேளார் விட்ட ஓட்டை. மைனா எட்டிப் பார்த்தது. உள்ளே வெயில் இல்லை, மழை இல்லை, பாம்பு இல்லை.

"ஐயா, மூணு முட்டை இடணும். உங்க குதிரைக்குள்ள கொஞ்ச நாள் இருந்துக்கட்டுமா?" என்று கேட்டது. ஐயா வேண்டாம் என்று சொல்லவில்லை. மைனா வைக்கோலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டது.

மூன்று முட்டையும் இட்டு முடித்த மறுநாள் காலையில் முயலும் அணிலும் ஓடி வந்தன.

"ஐயையோ! சாமி குதிரைக்குள்ள கூடா? உனக்குப் பயமே இல்லையா?" என்று அலறியது முயல்.

"சாமி கண்ணைக் குத்திடும்!" என்றது அணில்.

"எதுக்குக் குத்தப் போறாரு? தினம் விடிஞ்சதும் நான்தான் அவரை எழுப்பி விடுறேன். என் கஷ்டத்தையெல்லாம் அவர்கிட்டதான் சொல்றேன். என்னை வேண்டாம்னு நினைச்சிருந்தா வேளார்கிட்ட அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லியிருக்க மாட்டாரா?" என்றது மைனா.

அப்போது பின்னாலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது. உடும்பு வந்துகொண்டிருந்தது. அந்தக் காட்டிலேயே பெரிய பக்திமான் அதுதான். காலையில் மூன்று சுற்று, மாலையில் மூன்று சுற்று. நெற்றி தரையில் தேய்கிற மாதிரி விழுந்து கும்பிடும். குதிரையின் கண்ணை மட்டும் நேராகப் பார்க்காது.

"தங்கச்சி, பெரிய பாவம் பண்ணிட்டியே! சாமிக்குப் பயப்படாத ஜென்மம் ஒரு ஜென்மமா? சரி, ஆனது ஆச்சு. அந்த முட்டைகளை வெளியே உருட்டி விட்டுரு. நான் கீழே நின்னு பாவத்தைக் கழிச்சுடறேன்" என்றது.

"எப்படிக் கழிப்பீங்க, அண்ணே?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? நீ உருட்டு!" என்ற உடும்பு, வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டது.

மைனா சிரித்துவிட்டது. "ரொம்பப் பெரிய மனசு அண்ணே உங்களுக்கு! அவ்வளவு அக்கறை இருந்தா மேலே ஏறி வந்து கழிக்கிறதுதானே?"

உடும்பு குதிரையின் கண்ணை ஓரமாக ஒரு பார்வை பார்த்தது. உடம்பெல்லாம் வியர்த்தது. திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு பத்து நாள் வால்பக்கமாக வந்து பார்த்தது. கால்பக்கமாக வந்து பார்த்தது. எங்கே நின்று பார்த்தாலும் அந்தக் கண் தன்னையே முறைப்பதாகத் தோன்றியது. முட்டை ஆசை ஒரு பக்கம், கண் பயம் ஒரு பக்கம். பாவம், பத்து நாளும் சரியான தூக்கமே இல்லை!

பதினோராம் நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் வெயில் வந்ததும் உடும்பு வழக்கம்போல் கும்பிட வந்தது. தலையைத் தூக்கியது. அப்படியே வாயைப் பிளந்தது.

குதிரைக்குக் கண்ணைக் காணோம்! வெள்ளையும் கறுப்பும் கரைந்து கழுத்துவரை கோடு கோடாக வழிந்திருந்தன.

"அடடா! சாமிக்குக் கண்ணு போச்சா! இனிமே யார் பார்க்கப் போறாங்க?" என்று உடும்பு ஒரு குதி குதித்தது. அந்த நேரத்திலும் பக்தியை விடவில்லை. மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் குதிரையின் பின்னங்காலில் ஏறியது.

உள்ளே மூன்று முட்டையும் அன்று காலைதான் பொரிந்திருந்தன. கண் திறக்காத மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. திடீரென்று கூடு இருட்டியது. ஓட்டையை அடைத்துக்கொண்டு உடும்பின் தலை! நாக்கு நீண்டு முதல் குஞ்சைத் தொடப் போயிற்று.

மைனாவும் உள்ளேதான் இருந்தது. வெளியே போக வழியில்லை. சின்ன அலகால் அதை என்ன செய்ய முடியும்? குஞ்சுகளின் மேல் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தியது.

"ஐயா! எங்க இருக்கீங்க? ஓடி வாங்க, ஐயா!"

குதிரை வயிறு பெரிய பானை மாதிரி. மைனாவின் குரல் அதற்குள் முட்டி மோதி, இடி இடிக்கிற மாதிரி உடும்பின் காதில் விழுந்தது.

"ஐயோ! குதிரை கத்துது! சாமி பார்த்துட்டாரு!"

பிடித்தால் விடாத உடும்பு, அன்றைக்கு நாலு காலையும் விட்டுவிட்டது. தொப்பென்று மல்லாக்க விழுந்தது. உருண்டு, புரண்டு, ஓடி, காரைப் புதருக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. வால் மட்டும் வெளியே நடுங்கியது.

சத்தம் கேட்டு முயலும் அணிலும் வந்தன. மைனா நடந்ததைச் சொன்னது. பிறகு புதரைப் பார்த்து, "அண்ணே, கத்தினது நான்தான்! குதிரை இல்லை!" என்றது.

"பொய் சொல்லாதே! இத்தனூண்டு தொண்டைக்கு அவ்வளவு குரலா? அது சாமி குரல்தான். எனக்குத் தெரியாதா?" என்றது வால்.

முயலுக்கும் நடுக்கம் வந்துவிட்டது. "எனக்கும் இப்ப பயமா இருக்கே!"

"நீ என் குஞ்சைத் தின்ன வந்தியா?" என்று கேட்டது மைனா.

"சீச்சீ! நான் புல்லுதானே தின்பேன்!"

"அப்புறம் உனக்கென்ன பயம்? நான்தான் ஐயாவைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. அண்ணனுக்குத்தான் குலை நடுங்குச்சு."

"ஆனா குதிரைக்குத்தான் கண்ணே போயிடுச்சே?" என்றது அணில்.

"கரைஞ்சது சாயம். ஐயா கரையலை" என்றது மைனா.

அடுத்த வாரம் திருவிழா. வேளார் ஏணியும் சாயக் கிண்ணமுமாக வந்தார். விலா ஓட்டையில் மூன்று வாய்கள் திறந்திருப்பதைப் பார்த்து, "ஐயா வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காக போல!" என்று சிரித்தார். குஞ்சுகள் மிரளாதபடி ஏணியை மறுபக்கமாகச் சாய்த்து ஏறினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, குதிரைக்கு மறுபடி கண் வரைந்தார்.

புதருக்குள்ளிருந்து உடும்பு எல்லாவற்றையும் பார்த்தது. சாயம் தெரிந்தது. கிண்ணம் தெரிந்தது. தூரிகையும் தெரிந்தது. ஆனாலும் கண் வந்ததும் மறுபடி வியர்த்துவிட்டது!

அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. காட்டில் எல்லாரும் மத்தியானம் குதிரையின் நிழலில்தான் படுத்துக் கிடந்தார்கள். உடும்பு மட்டும் நூறடி தள்ளி, வெயிலில் காய்ந்துகொண்டு, விழுந்து விழுந்து கும்பிட்டது. மைனாக் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. அவை குதிரையின் தலையில் ஏறி, சாமியின் கண்ணுக்கு மேலேயே குதித்து விளையாடின.

மைனாவுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, வெந்து போயிடாதீங்க. நிழலுக்கு வாங்க!"

"கண்ணைக் குத்த மாட்டாரே?"

"என் குஞ்சுகளைப் பார்த்து வராதீங்க. நிழலைப் பார்த்து வாங்க. ஒண்ணும் ஆகாது!"

உடும்பு மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது. முதலில் தலை நிழலுக்குள் வந்தது. பிறகு உடம்பு வந்தது. அப்போது ஒரு குஞ்சு பறக்கப் பழகித் தடுமாறி, சரியாக அதன் மூக்குக்கு முன்னால் வந்து விழுந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மைனா மேலேயிருந்து இறங்கி ஓடி வந்தது.

உடும்பு குஞ்சைப் பார்த்தது. குதிரையின் கண்ணைப் பார்க்கத் தலையைத் தூக்கப் போனது. பிறகு என்ன நினைத்ததோ, தூக்கவில்லை. குஞ்சை மூக்கால் மெல்ல மைனாவின் பக்கம் தள்ளிவிட்டு, வாலையும் நிழலுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் அது நிம்மதியாகத் தூங்கியது.

சாமியின் கண்ணுக்குப் பயந்து வருகிற நல்ல குணம் சாயம் கரையும்வரைதான். மனதிலிருந்து வருகிற நல்ல குணத்துக்குச் சாமியிடம் பயமே தேவையில்லை.