வேட்டி கட்டிய அருவி

முதலில் சத்தம்தான் கேட்கும்.

குன்றில் பாதி ஏறும்போதே, மரங்களுக்கு அப்பால் எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம். ஏறி வருகிறவர்கள் அங்கேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மேலே வந்தால் ஒரு கரும்பாறை. அதன் உச்சியில் அடர்ந்த அத்திமரம். இலைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர்.

அருவி என்றார்கள். தீர்த்தம் என்றார்கள்.

அத்திக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருப்பது ஆசிரமத்துக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அடிவாரக் கிணற்றிலிருந்து மோட்டார் தண்ணீரை ஏற்றும். தொட்டி நிறைந்து மிஞ்சியது குழாய் வழியாகப் பாறையில் விழும். மோட்டாருக்குப் பொறுப்பு நாச்சிமுத்து.

அன்று காலை அந்த அருவிக்கு அடியில் சோற்று அண்டாவைச் சாய்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவன், கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“அம்மா, இந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் என் மனசு உக்காந்திருக்குதுங்க. நின்னா எந்திரிச்சு ஓடுது. எப்பத்தானுங்க அது தானா உக்காரும்?”

ஆராயி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் அவனுக்குத் தங்கச்சி மாதிரி. ஆனாலும் அந்தக் குன்றில் அவர்தான் குரு, எல்லோருக்கும் அம்மா.

“சத்தம் எப்ப நிக்கும்?” என்றார்.

“கரண்டு போனாத்தானுங்க.”

“தொட்டி நெறஞ்சா?”

“அது அப்பவே நெறஞ்சிருச்சுங்க.”

“அப்புறம் மோட்டார் எதுக்கு ஓடுது?”

நாச்சிமுத்து அண்டாவைப் பார்த்தான்.

வாலிபம் முழுக்க நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்தவன் அவன். மிஷின் இரைச்சலுக்கே காது பழகிப்போயிற்று. மில்லை மூடிய பிறகு வீட்டில் பாயை விரித்தால் அமைதி காதுக்குள் புழுப்போலக் குடைந்தது. எங்கெங்கோ அலைந்து, கடைசியில் இந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் கண்ணை மூடி உட்கார முடிந்தது.

“சத்தத்துக்குத்தானுங்க ஓட விடறேன்,” என்றான். “ஆனா தண்ணி வீணாகலைங்கம்மா. பாறையில வழிஞ்சு, ஓடையில எறங்கி, மறுபடி அதே கெணத்துக்குப் போயிருது. எடுத்த எடத்துலயே சேந்துருது.”

“ஒண்ணும் கொறையலையா?”

“ஒரு சொட்டுக் கொறையலைங்க.”

அம்மா கீரைக்குத் திரும்பினார். ஒரு பூச்சி அரித்த இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அப்போதுதான் பாவாயி மூச்சு வாங்க ஏறி வந்தாள். போன சித்திரையில் அடிவாரத்துத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தவள். கையில் ஒரு பித்தளைச் சொம்பு.

“கொஞ்சம் தீர்த்தம் வேணுமுங்க.”

“எடுத்துக்கங்க அக்கா. யாருக்கு உடம்புக்கு?” என்றான் நாச்சிமுத்து.

“உடம்புக்கு இல்லீங்க. மோட்டருக்கு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீங்க சாமி. எனக்கு வவுறு எரியுது. மூணு பேஸ் கரண்டு வர்றதே பகல்ல கொஞ்ச நேரம். அது வந்ததும் சுச்சைப் போட்டா, சனியன் உறுமுது. உறுமிக்கிட்டே கெடக்குது. தண்ணி ஏறமாட்டேங்குது. மெக்கானிக்கு வந்து பாத்துட்டு மோட்டர்ல ஒரு கோளாறும் இல்லைங்கறான். சின்ன வெங்காயம் காய் பெருக்கற நேரமுங்க. தாளு தலையைச் சாச்சிருச்சு. இன்னிக்கு ஒரு தண்ணி பாயலீன்னா காட்டை ஏரோட்டி விட்டுட்டுப் போக வேண்டியதுதான். அதான், இந்தத் தீர்த்தத்தைத் தெளிச்சாலாவது...”

சொம்பை அருவியில் பிடித்தாள். கண்ணை மூடி முணுமுணுத்தாள். தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு, சிந்தாமல் இறங்கிப் போனாள்.

“பாவமுங்க,” என்றான் நாச்சிமுத்து. நிஜமாகத்தான் சொன்னான்.

அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து கொடிக்குப் போனார். காய்ந்துகொண்டிருந்த காவி வேட்டி ஒன்றை உருவினார்.

“அம்மா, அது என் வேட்டிங்க.”

“தெரியும்.”

சேலையைச் செருகிக்கொண்டு பாறையில் ஏறினார். குழாயின் வாயைச் சுற்றி வேட்டியின் ஒரு முனையை இறுக்கிக் கட்டினார். சமையல்கட்டுக் குழாயில் துணி கட்டுவார்களே, அந்த மாதிரி. மறுமுனையைப் பாறையோடு படிய விட்டார்.

தண்ணீர் வேட்டிக்குள் இறங்கியது. துணியோடு ஒட்டி, பாறையோடு வழிந்து, சத்தமில்லாமல் ஓடைக்குப் போயிற்று.

குன்றில் சட்டென்று ஒரு சத்தமும் இல்லை.

நாச்சிமுத்து அண்டாவை விட்டு எழுந்துவிட்டான். “அம்மா, அவுத்துருங்க. என்னால முடியாதுங்க.”

“செத்த இருங்க.”

“காது குடையுதுங்கம்மா.”

“குடையட்டும். என்ன கேக்குது?”

“ஒண்ணும் கேக்கலைங்க.”

“நல்லாக் கேளுங்க.”

ஒரு காக்கை கத்தியது. அத்தியிலிருந்து ஒரு பழம் விழுந்தது. அதற்கும் அடியில், கீழேயிருந்து, ஒரு முனகல்.

“நம்ம மோட்டாருங்க,” என்றான்.

“அது மட்டுந்தானா?”

அவன் தலையைச் சாய்த்தான். மிஷின்களோடு கிடந்த காது. தங்கள் மோட்டாரின் முனகலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. கனமாக, தடித்து, மூச்சு முட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் உறுமும். நிற்கும். மறுபடி உறுமும்.

யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள்.

மில்லில் கரண்டு இளைத்துப்போகிற நாளில் மிஷின் இப்படித்தான் கத்தும். ஒரு லைனில் பாரம் ஏறினால் அடுத்த லைன் இப்படித்தான் திணறும்.

“அம்மா...” என்றான். “நமக்கும் அந்த அக்காவுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மருங்க.”

“எனக்கும் இப்பத்தான் கேட்டுது,” என்றார் அம்மா.

அவன் அண்டாவைப் போட்டது போட்டபடி ஓடினான். செருப்புக்கூட மாட்டவில்லை.

கிணற்றடியில் மோட்டார் ரூம் கதவு திறந்துதான் கிடந்தது. சுவிட்சை இறக்கினான். முனகல் இறங்கி இறங்கி நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் பாவாயி. சொம்பிலிருந்து கடைசிக் கை தண்ணீரை அள்ளி மோட்டார்மேல் தெளித்துவிட்டு, சுவிட்சைப் போட்டாள்.

உறுமல் தொடங்கியது. பிறகு அது உறுமலாக இல்லை. குரல் மெலிந்து, ஏறி, சீராயிற்று. குழாய் இருமியது. இன்னொரு முறை இருமியது. அவள் தோட்டத்துக் கல்தொட்டியில் தண்ணீர் வந்து விழுந்தது.

“தீர்த்தம் வேலை செஞ்சிருச்சு சாமியோவ்!” பாவாயி சொம்போடு கையைத் தூக்கிக் கும்பிட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு ஏறிப் போயிருக்கலாம். அருவியும் இருந்திருக்கும்.

“தீர்த்தம் இல்லீங்க அக்கா,” என்றான் நாச்சிமுத்து. “எங்க மோட்டாரை நிறுத்தினேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சொன்னான். தொட்டியைச் சொன்னான். அத்தியைச் சொன்னான். நிறைந்த பிறகும் ஓடவிட்டதைச் சொன்னான்.

“அப்ப அந்த அருவி?”

“அதுவும் இந்த மோட்டார்தானுங்க.”

பாவாயி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் கறுத்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தான்; திட்டட்டும் என்றும் நினைத்தான். அவள் திரும்பி வாய்க்காலைப் பார்த்தாள். தண்ணீர் முதல் பாத்தியைத் தொட்டிருந்தது.

“அட கெரகமே,” என்றாள். “என்ற வெங்காயத்தைக் குடிச்ச மோட்டருக்கே இத்தனை நாளும் கன்னத்துல போட்டுக்கிட்டனா நானு?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, முந்தானையால் துடைத்தாள். அது முழுக்கச் சிரிப்புத்தானா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“இனிமே தொட்டி நெறஞ்சா நிறுத்திருவனுங்க. உங்க காடு பாஞ்ச பெறகுதான் போடுவேன்.”

“மறந்தீங்கன்னா?”

“வேலிக்கிட்ட வந்து ஒரு சத்தம் குடுங்க அக்கா. கேக்கும்.”

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து ஏறினான். பாதி வழியில் வழக்கமாகச் சத்தம் கேட்கிற இடத்தில் நின்றான். முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால், கீழேயிருந்து, கல்தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். மெல்லியது. காற்று வந்தால் வரும், போனால் போகும்.

மேலே வேட்டி பாறையில் ஒட்டிக் கிடந்தது. நுனியில் ஒரு சொட்டு.

அம்மா கீரையை ஆய்ந்து முடித்திருந்தார்.

“மனசு உக்காந்திருக்குதா?”

நாச்சிமுத்து பாறை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தான். கீழே பாத்திகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டிருந்தன.

“இங்க இல்லைங்கம்மா. வெங்காயக் காட்டுக்குப் போயிருக்குது.”

“போகட்டும்,” என்றார் அம்மா.

அவன் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் மொண்டு வந்தான். பாதி தேய்த்த அண்டாவை நிழலுக்கு இழுத்துப் போட்டான். சாம்பலையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு அடிப்பிடித்த பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தான்.