மயில் கேட்ட கோடை மழை

மருதங்குளத்தில் நாமக்கோழி என்ற நீர்ப்பறவை ஒன்று அந்தக் கோடையில் ஏழு முட்டைகள் இட்டிருந்தது. குளத்தின் நடுவே ஒரு கோரைப்புல் மேடு. மேட்டின் மேல் கூடு. மேட்டைச் சுற்றி ஆழமான பள்ளம். பள்ளத்தில் நீர் இருக்கும்வரை நரி கரையில் நிற்கும். நீர் வற்றினால் கூட்டுக்கு நடந்தே வரும்.

கோடையில் அந்தப் பள்ளத்தை ஒரு மோட்டார் நிரப்பி வந்தது. காட்டில் முகாம் போட்டிருந்த மனிதர்கள் காலி செய்து போனபோது பன்னிரண்டு சோலார் தகடுகளையும் இரண்டு மோட்டார்களையும் விட்டுச் சென்றிருந்தார்கள். காட்டெருமை அவற்றை இழுத்து வந்தது. குரங்குகள் கூரைகளில் ஏற்றின. தூக்கணாங்குருவி ஒயர்களைப் பின்னி இணைத்தது. எல்லாருமாகச் சேர்ந்து பெரிய மோட்டாரைப் பாறைச் சுனையில் இறக்கினார்கள். அதன் குழாய் முதலில் கூட்டைச் சுற்றிய பள்ளத்தில்தான் கொட்டும்.

ஆறு தகடுகள் கிழக்குக் கரையில், முயல் வீட்டின் மேலும் முள்ளம்பன்றி வீட்டின் மேலும் இருந்தன. அவற்றில் காலை வெயில் விழும். மற்ற ஆறும் மேற்குக் கரையில் மயிலின் கல்வீட்டுக் கூரையில் இருந்தன. அவற்றில் மதியத்திலிருந்து மாலை வரை வெயில் விழும். இரண்டு கரையும் சேர்ந்ததால் மோட்டார் பகல் முழுதும் ஓடியது. வீட்டுக்கு வீடு ஒரு விசிறியும் சுற்றியது.

ஆலமரத்தடியில் இருந்த அணில்கள் வீட்டில் வெயிலே படாது. ஆனாலும் அங்கேயும் விசிறி சுற்றியது. அணில்கள் தினமும் விடிந்ததும் பன்னிரண்டு தகடுகளையும் வாலால் துடைத்து வைத்தன. அதுதான் அவற்றின் பங்கு.

தகடுகள் எல்லாருக்கும் பொது. கூரை மட்டும் அவரவருக்குச் சொந்தம். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் அடுத்தவர் கூரையில் யாரும் கால் வைக்கக் கூடாது. குளக்கரையின் பழைய வழக்கம் அது.

நரி அந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் மாலை அது மயிலின் வாசலுக்கு வந்து தலை குனிந்து நின்றது. மயிலின் பெயர் நீலகண்டர். 'ர்' இல்லாமல் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது.

"நீலகண்டரே! உங்கள் ஆட்டத்தைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!"

"மேகம் வந்தால்தானே ஆட்டம்?" என்றது மயில். "இன்னும் இரண்டு மாதம் போக வேண்டும்."

"எதற்குக் காத்திருக்க வேண்டும்? உங்கள் தலைக்கு மேல் ஆறு தகடுகள் இருக்கின்றன. இழுத்து வந்த சின்ன மோட்டார் சும்மா கிடக்கிறது. மூங்கிலில் நூறு துளை போட்டுக் கூரை மேல் கட்டினால் தினமும் மழைதான்! கோடையில் மழை பெய்ய வைத்த ஒரே மயில் நீங்களாக இருப்பீர்கள்!"

மயிலின் கொண்டை நிமிர்ந்தது. "தகடு பொதுவாயிற்றே?"

"தகடு பொதுதான். கூரை யாருடையது? அதில் விழும் வெயில் யாருடையது? உங்கள் வெயிலில் அணில் வீட்டு விசிறி சுற்றுகிறது! கேட்டால் வாலால் துடைக்கிறார்களாம்! நானாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். நீங்கள் மட்டும் ஆடுங்கள், தினமும் நான் வந்து பார்க்கிறேன்."

மறுநாள் மயில் தூக்கணாங்குருவியை அழைத்தது. "என் கூரை ஒயரைப் பொது ஒயரிலிருந்து அவிழ்த்துவிடு. இனி என் கூரையில் யாரும் ஏறக் கூடாது. அணில்களுக்கும் சொல்லிவிடு."

"நாமக்கோழி அடைகாக்கிறாள், ஐயா. மதியத்துக்குப் பிறகு பள்ளத்துக்குத் தண்ணீர் வராதே?"

"கோழி வீட்டுக் கவலை கோழிக்கு! கூரை என்னுடையது."

குருவி வேலையைத் தொடங்கியது. வழக்கம் வழக்கம்தான். ஆனால் முடிச்சை அவிழ்த்ததே தவிர ஒயரை வெட்டவில்லை. சுருட்டி மயில் வீட்டுச் சுவரோரம் செருகி வைத்தது.

"வெட்டிப் போட்டுவிடேன்!" என்றது பக்கத்தில் நின்ற நரி.

"அவிழ்த்ததைத் திரும்பக் கட்டலாம்," என்றது குருவி. "என் தொழிலில் இது முதல் பாடம்."

நரி சின்ன மோட்டாரைச் சுனையில் இறக்கி, மூங்கிலைக் கூரை மேல் கட்டிக் கொடுத்தது. அன்று மதியம் மயில் வீட்டுக் கூரையில் மழை பெய்தது. மூங்கில் துளைகளிலிருந்து நீர் சிலுசிலுவென்று கொட்டியது. மயில் தகடுகளின் மேல் ஏறி நின்றது. ஊரெல்லாம் பார்க்க இதைவிட உயரமான இடம் ஏது? கழுத்தை வளைத்தது. தோகையை அகல விரித்தது.

மழை நின்றுவிட்டது.

மயில் திகைத்தது. தோகையை மடக்கிக்கொண்டு மூங்கிலைப் பார்க்கப் போனது. மழை கொட்டியது. ஓடி வந்து மறுபடி தோகையை விரித்தது. மழை நின்றது.

"மேகம்தான் பிகு பண்ணும். இந்த மூங்கிலும் பண்ணுகிறதே!" என்று மயில் அலுத்துக்கொண்டது.

தன் தோகையின் நிழல்தான் தகடுகளை மூடுகிறது என்று அதற்குப் புரியவில்லை. எதிர்க்கிளையிலிருந்த குருவிக்குப் புரிந்தது. "ஐயா, தகட்டை விட்டு இறங்கி ஆடுங்களேன்!" என்று கத்தியது.

"எனக்கு ஆடக் கற்றுத்தர வந்தாயா? போ, போய்க் கூடு கட்டு!"

கிழக்குக் கரையின் ஆறு தகடுகள் மட்டும் மோட்டாரை ஓட்டின. மதியத்தோடு மோட்டார் நின்றுவிடும். அதற்கு மேல் இருக்கும் நீரை வெயில் குடிப்பதுதான். பள்ளத்தில் நாளுக்கு நாலு விரல் நீர் குறைந்தது. நரி தினமும் காலையில் வந்து இறங்கிப் பார்த்தது. முதல் நாள் நீர் அதன் கழுத்தைத் தொட்டது. மூன்றாம் நாள் வயிற்றைத் தொட்டது. ஐந்தாம் நாள் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"அம்மா, சௌக்கியமா? முட்டை எப்போது பொரிக்கும்?" என்று நரி கரையிலிருந்து கேட்டது.

"மூன்று நாளில்!" என்றது நாமக்கோழி. "பொரித்த அன்றே என் பிள்ளைகள் நீந்திவிடுவார்கள். உனக்கு எதற்கு அந்தக் கவலை?"

"அக்கம்பக்கம் என்றால் விசாரிக்க வேண்டாமா?" என்று சிரித்துக்கொண்டே நரி போனது. மோட்டார் நிற்கட்டும், இன்று மாலையே கூட்டுக்குப் போய்விடலாம் என்று அது முடிவு செய்துவிட்டது.

நாமக்கோழி அழுதுகொண்டு உட்காரவில்லை. துணையை முட்டை மேல் உட்கார வைத்துவிட்டு நேராக மயில் வீட்டுக்குப் போனது. மயில் கூரை மேல் நின்றிருந்தது. அணில்கள் வராத ஐந்து நாளில் தூசியும் நீரும் குழைந்து தகடுகளில் சேறாகப் படிந்திருந்தன. முந்தின நாள் மயில் ஆடாதபோதும் மழை சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது.

"நீலகண்டரே, எனக்குத் தண்ணீர் வேண்டும். மூன்று நாள் போதும்."

"ஆட்டம் பார்க்க வந்தாயோ என்று நினைத்தேன்."

"பார்க்கத்தானே செய்கிறேன்! ஆனால் நான் இருப்பது பள்ளத்தில். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தோகையா தெரிகிறது? உங்கள் கால்தான் தெரிகிறது!"

மயில் சட்டென்று ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் மறைத்தது. மயிலுக்குத் தன் உடம்பில் பிடிக்காத இடம் அது ஒன்றுதான்.

"கால் மட்டுமா?"

"இரண்டு காலும். முட்டி வரை. சந்தேகம் இருந்தால் நீங்களே வந்து பாருங்கள்!"

மயில் உடனே இறங்கியது. பள்ளத்தின் ஓரம் போய் நின்று தன் கூரையை அண்ணாந்து பார்த்தது. பிறகு கீழே பார்த்தது. ஈரச் சேற்றில் ஐந்து வரிசைக் காலடித் தடங்கள் இருந்தன. ஒவ்வொரு வரிசையும் முந்தினதைவிடக் கூட்டுக்கு ஓரடி நெருங்கியிருந்தது.

"இது யார் கால்?"

"நரியின் கால். உங்கள் ஆட்டத்தைப் பார்க்க வரும் ரசிகர்."

மயில் தடங்களைக் குனிந்து பார்த்தது. எல்லாத் தடமும் கூட்டைப் பார்த்தே இருந்தன. ஒன்றுகூடக் கல்வீட்டின் பக்கம் திரும்பவில்லை.

"ஐந்து நாளில் ஒரு தடவைகூடவா திரும்பிப் பார்க்கவில்லை?" என்று கேட்டது மயில். பிறகு கூட்டையும் அதில் இருந்த முட்டைகளையும் பார்த்தது. மறைத்து வைத்திருந்த காலைத் தானாகவே கீழே ஊன்றியது. "இதற்கா என்னை மழை கேட்க வைத்தான்?"

"இதற்குத்தான்."

"குருவி! ஏ குருவி! அந்த ஒயர் எங்கே?"

"வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஐயா!" என்றபடி குருவி பறந்து வந்து அதைப் பொது ஒயரோடு திரும்ப முடிச்சிட்டது. மயில் தன் வாயாலேயே அணில்களைக் கூப்பிட்டது. இருபது அணில்கள் கூரையில் ஏறின. சேறு போக அவை இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. மயிலும் தோகையால் ஒரு தகட்டைத் துடைத்துப் பார்த்தது. துடைப்பத்துக்கு அவ்வளவு நீளம் ஆகாது என்று அணில்கள் அதை மரியாதையாக ஒதுக்கிவிட்டன.

உச்சி வெயில் மேற்குக் கூரையில் விழுந்தது. மதியம் நிற்க வேண்டிய மோட்டார் நிற்கவில்லை. எல்லா வீடுகளும் அன்று விசிறியை நிறுத்திவிட்டு மின்சாரம் முழுவதையும் மோட்டாருக்கே விட்டன. பள்ளத்தில் நீர் தடதடவென்று கொட்டியது.

மாலையில் நரி வந்தது. மோட்டார் சத்தம் காதில் விழுந்தது. மயில் வீட்டுச் சின்ன மோட்டாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டது. காலையில் முழங்கால் அளவுதானே என்று பள்ளத்தில் குதித்தது. நீர் தலைக்கு மேல் போனது. கோரைவேர் காலைச் சுற்றியது. உளைச்சேறு வாலைப் பிடித்தது. மயில் கரையில் நின்று காடே அதிர அகவியது. முயலும் முள்ளம்பன்றியும் ஓடி வந்தன. கடைசியாகக் காட்டெருமை வந்து நின்றது.

நரி தட்டுத்தடுமாறிக் கரையேறியது.

"குளிக்கத்தான் வந்தேன்!" என்றது.

"முதுகு தேய்த்துவிடட்டுமா?" என்று முள்ளம்பன்றி ஓரடி முன்னால் வந்தது.

நரி அந்தப் பக்கத்துக் காட்டையே விட்டு ஓடியது.

மூன்றாம் நாள் ஏழு முட்டைகளும் பொரித்தன. ஏழு குஞ்சுகளும் அன்றே நீந்தின. குழாய் கொட்டும் இடத்தில் எப்போதும் ஒரு சாரல் இருக்கும். மயில் இப்போது அங்கேதான் ஆடுகிறது. அந்த இடத்தில் முழங்காலளவு கோரை வளர்ந்திருப்பதால் அதன் கால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கூரை அவரவருடையதாக இருக்கலாம், ஆனால் அதில் விழும் வெயிலைப் பொதுவில் சேர்ப்பவருக்குத்தான் அது பகல் முழுதும் உதவும், பிரித்துக்கொண்டு போனவர் தன் நிழலிலேயே நிற்பார்.