இன்னாசியின் மணிக்கட்டு

உப்பளம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவிலே ஒரு ஊர் இருந்ததாம். தூத்துக்குடி என்று பேர். அந்த ஊரில் முனிரத்தினம் என்று ஒருவர் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களுக்குத் தோல்பட்டை தைத்துக்கொண்டிருந்தார். பூர்வீகம் ஆம்பூர்.

மாட்டுத்தோலில் தைக்க ஆயிரம் பேர் உண்டு. இவரிடம் வருகிறவர்கள் வேறு ரகம். நெருப்புக்கோழியின் கால்தோலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, செதில் மினுங்குவதில் சொக்கிப்போகிறவர்கள். கொடுவா மீன் தோலை மோந்துவிட்டு, மீன் வாசமே இல்லையே என்று வியக்கிறவர்கள். எல்லாவற்றிலும் அரிது திருக்கை மீனின் தோல். ஜவ்வரிசியை நெருக்கி ஒட்டினாற்போல் இருக்கும். நடுமுதுகில் மட்டும் பெரிய வெள்ளை மணிகள், முத்துக் கோத்ததுபோல் ஒரு வரி. ஒரு திருக்கைக்கு ஒரே வரி, அதில் ஒரே பட்டை. சும்மா குத்தினால் ஊசி முறியும். தையலுக்குத் தையல் துளை போட வேண்டும். போட்ட துளை போட்டதுதான். ஆனால் அதே துளைகள் வழியாக எத்தனை தடவையும் நூல் ஓட்டலாம்.

முனிரத்தினத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மணிக்கட்டில் வெள்ளை நூலைச் சுற்றி, தொடக்கத்தில் ஒரு முடிச்சும் வந்து சேருகிற இடத்தில் ஒரு முடிச்சும் போடுவார். அந்த அளவுக்குப் பட்டையில் ஒரே ஒரு ஓட்டை. வேலை முடிகையில் அந்த நூலை எறியாமல், மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே மடித்து வைத்துத் தைத்துவிடுவார். ஏன் என்றால், கட்டுகிறவர் உடம்பு அதற்குள் இருக்கட்டும் என்பார்.

சித்திரை மாதம், அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற காயல்பட்டினத்து ரத்தின வியாபாரி மொகுதூம் வந்தார். அவர் மனைவி ஜெய்னம்பு கொழும்பில் வாங்கித் தந்த கடிகாரம். முத்துவரிப் பட்டை ஒன்றை அங்கே கண்டு, ஊருக்குப் போனதும் இதேபோல் தைத்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னவள், அந்த வருஷமே மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து கடிகாரம் சட்டைப்பையில்தான்.

அதற்காகப் புன்னைக்காயல் மீனவன் இன்னாசி நாலு தடவை கடலுக்குப் போய், முத்துவரி முழுசாக இருக்கிற திருக்கையைக் கொண்டுவந்தான். தோலை மேசைமேல் விரித்துவிட்டுத் தன் கையை நீட்டினான்.

"எனக்கும் அளவெடுங்க அண்ணாச்சி. ஆனா இந்தக் கைக்குத் திருக்கை பத்தாது, திமிங்கலந்தான் பிடிக்கணும்."

முனிரத்தினம் சிரித்துக்கொண்டே நூலைச் சுற்றினார். உனக்கும் ஒன்று தைக்கிறேன் என்று வாக்கும் கொடுத்தார். மொகுதூமுக்கு அளவெடுத்த நூலும் இன்னாசியின் நூலும் ஒரே டப்பாவில் கிடந்தன.

தோல் பதனிடப் போய் ஆடியில் திரும்பி வந்தது. அதே வாரம் இன்னாசியின் படகு திரும்பவில்லை. படகில் இருந்த மற்ற இருவரும் மிதந்து பிழைத்தார்கள். இன்னாசி கிடைக்கவில்லை. அவன் உடலும் கிடைக்கவில்லை.

அந்தத் துக்கத்தோடுதான் முனிரத்தினம் வேலைக்கு உட்கார்ந்தார். எடுத்துக்கொடுத்தவன் போய்விட்டானே என்று முத்துவரியைத் தடவித் தடவித் தைத்தார்.

மொகுதூம் வந்து பட்டையைக் கட்டிப் பார்த்தார். அது வளையல்போல் முழங்கை வரை இறங்கியது. முனிரத்தினம் டப்பாவைத் திறந்தார். மொகுதூமின் மெலிந்த கையை அளந்த நூல் உள்ளேயே இருந்தது.  இன்னாசியின் நூலை வைத்துத் தைத்துவிட்ட பிழையை மறைக்காமல் சொன்னார்.

முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்ல வந்த இன்னாசியின் மனைவி கித்தேரி, வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டாள். உள்ளே வந்து, பட்டையைத் தனக்குத் தந்துவிடும்படி கேட்டாள்.

"கல்லறைத் தோட்டத்துல குழி மட்டும் இருக்கு, அண்ணாச்சி. சட்டைய வைக்கலாம்னு பங்குச் சாமி சொன்னாரு. சட்டை கடையில வாங்குனது. அந்த அளவு ஊர்ல நூறு பேருக்கு இருக்கு. இது அவுக கை."

 மொகுதூம் தாழ்ந்த குரலில் தன் பக்கத்தைச் சொன்னார். இன்னொரு முத்துவரி எப்போது கிடைக்குமோ, தனக்கும் வயது எழுபத்தொன்று. பையில் கிடந்தால் அது மணி பார்க்கிற சாமான். கையில் கட்டினால்தான் ஜெய்னம்பு கொடுத்தது. இன்னும் ஒரே ஓர் ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டால் போதும்.

"இது மண்ணுக்குள்ள போற பொருளா, தங்கச்சி?"

"அவுகளும் தண்ணிக்குள்ள போற ஆளில்லையே, காக்கா."

 முனிரத்தினத்தின் உள்ளங்கையில் பட்டை கனத்தது. ஒருவருக்குத் தைத்துத் தருவதாக ஒத்துக்கொண்டது. இன்னொருவருக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்த வாக்கு. பட்டையோ ஒன்று.

கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். முனிரத்தினம் அந்தப் பட்டையை யாரிடம் கொடுப்பது சரி?

விடை இதுதான். கித்தேரி கேட்டது தோலை அல்ல, கையை. அந்தக் கை தோலில் இல்லை, தோலுக்குள் இருந்தது. முனிரத்தினம் தையலைப் பிரித்து, இரண்டு முடிச்சுப் போட்ட நூலை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் முடிச்சோடு முடிச்சைச் சேர்த்தாள். நடுவில் வெறும் வட்டம் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். மொகுதூமின் நூலை உள்ளே வைத்துப் பழைய துளைகள் வழியாகவே மறுபடி தைத்து, புது ஓட்டை போட்டார் முனிரத்தினம். இன்னாசி அளவுக்குப் போட்ட பழைய ஓட்டையோடு நீண்டு நின்ற நுனியை வெட்டக் கத்தியை எடுத்தபோது மொகுதூம் தடுத்தார். அந்த ஓட்டையும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கட்டிக்கொண்டு, ஸலாம் சொல்லி, அவர் முதலில் இறங்கிப் போனார். பிறகு கித்தேரி எழுந்தாள். நூலை உள்ளங்கையில் வைத்து மூடி, மூடிய கையைத் திறக்காமலே புன்னைக்காயல் பேருந்து நிற்கிற பக்கமாக நடந்து போனாள்.