பதினொரு செடியும் ஒரு பொய்க்குரலும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது வராது. வம்பனே அதை நாற்பது நாள் அடக்கி வைத்திருந்தான், நீங்கள் கொஞ்சம் பொறுக்கக்கூடாதா?

வம்பன் ஒரு கரிச்சான் குருவி. வால் நுனியில் துடுப்பு மாதிரி நீள்கிற இறகு இன்னும் முழுசாக முளைக்காத வயசு. ஓடைச் சரிவில் அவன் போடாத குரல் இல்லை. பருந்து மாதிரிக் கத்துவான். அணில்கள் பழத்தைப் போட்டுவிட்டுப் பொந்துக்குள் பாயும். அணில் மாதிரிக் கத்துவான். பருந்து இறங்கி வந்து வெறுங்காலோடு போகும்.

அந்தச் சரிவில் இரண்டு இனக் காசித்தும்பை உண்டு. பாறை மேல் சிவப்பு, ஓடைக்கரையில் வெள்ளை. ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி தண்டு, தொட்டால் டப்பென்று வெடிக்கிற காயும் ஒரே மாதிரி. பார்த்தால் அக்கா தங்கைதான். ஆனால் சிவப்பு உதிர்ந்த பிறகுதான் வெள்ளை பூக்கும். இந்த வருஷம் மழை பிந்தியதில் இரண்டும் ஒரே வாரத்தில் பூத்துவிட்டன. போதாததற்கு மண் சரிந்து, வெள்ளையில் பதினொரு செடிதான் மிச்சம்.

அந்தப் பதினொன்றும் பூரணி என்ற தேனீயின் பொறுப்பு. வெள்ளைப்பூவின் தேனை வைத்துத்தான் அவள் கூடு குளிர்காலத்தைத் தாண்டும். அதுவோ ஒரு மழைக்காலத்தோடு மடிகிற செடி. இந்த வருஷம் விதை விழாவிட்டால் அடுத்த வருஷம் பூ இல்லை. பூ இல்லாவிட்டால் கூடும் இல்லை.

"ஒரு பறப்புக்கு ஒரு பூ. கலக்கக் கூடாது" என்பது கூட்டின் மூத்தவள் செல்லி போட்ட சட்டம்.

முதல் நாள் காலை பூரணி வெள்ளையில் இரண்டு செடிதான் முடித்திருந்தாள். மேலே இலைக்குள் இருந்து செல்லியின் ரீங்காரம் கேட்டது.

"பூரணி, இனிமேல் சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. மாற்றி மாற்றிப் போ."

"அக்கா, கலக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நேத்து. எதிர்த்துப் பேசுறதை எப்போ கத்துக்கிட்டே?"

பூரணி வாயை மூடிக்கொண்டு சிவப்புக்குப் பறந்தாள். இலைக்குள் வம்பன் அலகை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டான். சிரிக்கக் கூடாது. அடுத்த வருஷம் வெள்ளைப்பூ எல்லாம் வரி வரியாகப் பூக்கும். அப்போது இவள் முழிக்கிற முழியைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும்.

பூ இருந்த ஒன்பது நாளும் உத்தரவு போட்டான். சிவப்பின் மகரந்தத் தூளை முதுகில் சுமந்து வெள்ளையில் இறக்கியபடியே இருந்தாள் பூரணி.

காய் பிடித்தது. நன்றாகவே பிடித்தது. குண்டு குண்டாகத் தொங்கியது. பூரணி தினமும் வந்து எண்ணிவிட்டுப் போனாள்.

நாற்பதாம் நாள் செல்லியையும் அழைத்து வந்தாள். விதை பொறுக்குகிற கட்டெறும்பு கடுக்கன் கீழே காத்திருந்தது. வரிப்பூவுக்கான விதை விழுவதைப் பார்க்க வம்பனும் கிளையில் வந்து உட்கார்ந்தான்.

பூரணி முதல் காயைத் தொட்டாள்.

பொசுக். காய் வெடிக்கவில்லை, வாடின பை மாதிரி அமுங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

கடுக்கன் ஒரு விதையைக் கடித்துத் துப்பியது. "பதர். உள்ளே ஒண்ணுமில்லே."

"காய் இவ்வளவு பெருசா இருக்கே?" என்றாள் பூரணி.

"தோல்தான் பெருசு. சிவப்புத் தூள் விழுந்திருக்கு. அது 'வளர்'னு சொல்லியிருக்கும், இது 'நில்'லுன்னு சொல்லியிருக்கும். வெளியே அக்கா தங்கைதான். விதைக்குள்ளே போனா ஒருத்தி சொல்றது ஒருத்திக்குப் புரியாது. பாதியிலேயே செத்துப்போச்சு."

வம்பனுக்குச் சிரிப்பு தொண்டையில் நின்றது. வரிப்பூ வராதா? ஒரு பூவுமே வராதா?

நான்கு, ஐந்து, ஆறு. பூரணி செடி செடியாகப் போனாள். எல்லாம் பொசுக். கடைசியாக நாணல் ஓரத்துச் செடி. அதன் அடிக்காய் ஒன்றைத் தொட்டாள்.

டப்.

நான்கு விதைகள் தெறித்தன. கடுக்கன் மோந்து பார்த்தது. "இது உயிர் விதை. இதைத் தொடமாட்டேன்."

பூரணி அந்தக் காயையே பார்த்தாள். "இது முதல் நாள், முதல் வெள்ளைச் செடியோட தூளைச் சுமந்து நான் போன ரெண்டாவது செடி. உத்தரவு வர்றதுக்கு முன்னாடி."

"என்ன உத்தரவு?" என்றாள் செல்லி.

"நீங்க போட்டதுதான் அக்கா. மாத்தி மாத்திப் போகச் சொல்லி."

"நானா? பூ இருந்த ஒன்பது நாளும் நான் கூட்டை விட்டு வெளியே வரவே இல்லையே."

வம்பன் மாட்டிக்கொள்ளப் போகிறான். பேச்சை எப்படியாவது மாற்றியாக வேண்டும். அவசரத்தில் வாயில் வந்த குரலைப் போட்டான்.

"பூரணி, போதும் பேச்சு. வேலையைப் பாரு."

அச்சு அசல் செல்லியின் குரல். செல்லியோ பூரணிக்குப் பக்கத்திலேயே, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் சிரித்தது கடுக்கன்தான். மல்லாந்து விழுந்து, ஆறு காலையும் உதறிச் சிரித்தது. "செல்லியக்கா, நீங்க இங்கே இருக்கீங்க, உங்க குரல் மரத்து மேலே இருக்கே!"

பூரணி சிரிக்கவில்லை. மண்ணில் கிடந்த நான்கு விதைகளைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, இலைக்குள் நடுங்கிய, துடுப்பு முளைக்காத வாலைப் பார்த்தாள்.

"ஒன்பது நாளும் நீதானா?"

நாம் விளையாட்டாகக் கலைப்பது யாருடைய அடுத்த வருஷத்துச் சோறு என்று தெரியாதவரை, அதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது.