ஆவுளியாவைக் கூறு மாற்றிய கதை

அந்தக் காலத்தில் மீனும் பேசும், யானையும் பேசும். ஆனால் ஒருவருக்கும் ஒழுங்கான பெயர் கிடையாது. கடலில் கிடப்பதெல்லாம் மீன், தரையில் நடப்பதெல்லாம் விலங்கு, மேலே பறப்பதெல்லாம் பறவை, அவ்வளவுதான். கரையில் நின்று "ஏ மீனே" என்று கூப்பிட்டால் சுறாவும் வரும், நண்டும் வரும், ஆமை தலையைத் தூக்கி "என்னையா?" என்று கேட்கும். உங்களுக்குப் புரியட்டும் என்றுதான் நான் இன்றைய பெயர்களைச் சொல்கிறேன்.

இப்படிப் பிரித்து வைத்தவள் நம்புவள்ளி என்ற மீனவப் பெண். வலையில் வந்ததை மணலில் கூறு கூறாகப் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் உலகத்து உயிர்களைப் பிரிக்கும் வேலையும் அவளிடமே வந்தது. அவளும் அதே கைப்பழக்கத்தில் உயிருக்கு ஒரு சிப்பியாக எடுத்து, அந்த உயிர் எங்கே இருந்ததோ அந்தக் கூறில் போட்டுவிட்டாள். மூன்று குவியல். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மீன் கூறுக்குச் சுறா தலைவன். வாடைக் காற்று கிளம்பும் நேரம் அது ஓர் உத்தரவு போட்டது. "நாளைக்கு என் கூறுல உள்ளது எல்லாம் அடிக்கடலுக்கு இறங்கணும். காத்து ஓயுற வரைக்கும் ஒருத்தரும் மேல வரக் கூடாது."

அந்தக் கூறில்தான், கடற்பசு என்றும் சொல்கிறோமே, அந்த ஆவுளியாவும் இருந்தது. கடலடியில் புல் மேய்ந்துகொண்டு, குட்டியைத் துடுப்போடு அணைத்துக்கொண்டு திரியும் பெரிய சாது. அது பதறிப்போய், "என் புள்ள மூச்சுக்கு மேல வரணுமே" என்றது.

"செவுளால மூச்சு விடச் சொல்லு" என்றது சுறா.

"எங்களுக்குச் செவுளே இல்லையே."

"அது உன் பாடு. மீன் கூறுல இருந்தா இறங்கித்தான் ஆகணும்."

ஆவுளியா குட்டியோடு கரைக்கு நீந்தியது. நம்புவள்ளி முழங்கால் தண்ணீரில் நின்று கூடை அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னையக் கூறு மாத்திவிடுங்க. இல்லாட்டி நாளைக்கு என் புள்ள செத்துப்போயிரும்."

நம்புவள்ளிக்குக் கோபம் வந்தது. "போட்ட கூற நான் மாத்துனதே இல்ல. தண்ணியில கெடக்க, துடுப்பு இருக்கு, வாலு இருக்கு. ஒன்னைய வேற எங்கிட்டுப் போட?"

பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை குட்டிக்குப் பொறுமை இல்லை. தாயின் துடுப்புக்கு அடியில் முட்டி முட்டிப் பால் குடிக்க ஆரம்பித்தது. தண்ணீரில் வெள்ளையாகக் கொஞ்சம் கலங்கியது. நம்புவள்ளியும் கைக்குழந்தைக்காரி. கூடையை விட்டுவிட்டாள்.

"அடியே, இது பாலா?"

"பால் குடுக்காம புள்ளைய எப்படிக்கா வளக்குறது?"

நம்புவள்ளி அதன் சிப்பியை எடுத்துக்கொண்டு விலங்குக் கூறுக்கு நடந்தாள். அங்கே பசு நின்றது. "கொம்பு இல்ல, குளம்பு இல்ல, காலுகூட இல்ல. ஈரம் சொட்டச் சொட்ட இது எங்க கூறுக்கு எதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆடும் குதிரையும் சிரித்தன. ஆவுளியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

முகத்துவாரத்தில் குளித்துக்கொண்டிருந்த யானை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. மெல்ல வந்து, "கொஞ்சம் திரும்பு தாயி" என்றது. பார்த்தது. "பசுவே, ஒனக்கு மடி பின்னால இருக்கு. இவளுக்கு முன்னால, நெஞ்சுல. எனக்கும் அங்கதான். ஏம்மா, ஒன் வீட்டுக்காரருக்குத் தந்தம் உண்டா?"

"உண்டு. ஆனா சின்னது."

யானை துதிக்கையால் குட்டிக்குத் தண்ணீர் பீய்ச்சிச் சிரித்தது. "நம்ம சொந்தந்தான். தண்ணிக்குக் குடிபோயிட்டா சொந்தம் இல்லைன்னு ஆயிருமா?"

நம்புவள்ளி தன் மூன்று குவியல்களையும் பார்த்தாள். பிறகு காலாலேயே கலைத்துவிட்டாள். சிப்பிகள் மணலெங்கும் சிதறின. "கூறக் கலைச்சுப்புட்டியே" என்று சுறா கத்தியது. "தப்பாப் போட்டதக் கலைக்கத்தான் வேணும்" என்றாள் அவள்.

இந்த முறை எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டு விட்டுவிடவில்லை. எப்படி மூச்சு விடுகிறாய், குட்டியை எப்படி வளர்க்கிறாய், உடம்புக்குள் எலும்பு எப்படி என்று குடைந்து குடைந்து கேட்டாள். திமிங்கலம் "என்னையும் கேளு" என்று கரையோரம் ஒதுங்கியது. பறவைக் கூறிலிருந்து வௌவால் சந்தோஷமாகப் பறந்துவந்தது. பெரிய கூறுக்குள் சின்னக் கூறு, அதற்குள் வீடு வீடாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் வீட்டுப் பெயர் ஒன்று, தனக்கென்று ஒன்று, இரண்டு பெயர் கொடுத்தாள். ஆவுளியாவின் வீடு யானை வீட்டுக்குப் பக்கத்தில் அமைந்தது. பசுவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் வாடை அடித்தது. மீன்கள் இறங்கின. ஆவுளியாவும் குட்டியும் அலைக்கு மேல் தலையை நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சு விட்டன.

புதிதாக ஓர் உயிரைக் கண்டால் அதன் சொந்தக்காரர் யார் என்று தேடிவிட்டு அறிஞர்கள் அதற்கு இரண்டு பெயர் சூட்டுவது அன்றைக்குத் தொடங்கியதுதான். ஆவுளியா மட்டும் மேய்ச்சலுக்கு நடுவே சற்றைக்கொரு தரம் மேலே வந்து தலையை நீட்டுகிறது. மூச்சு விட வருகிறது என்கிறோம். கரையில் யானை குளிக்க வந்திருக்கிறதா என்று பார்க்கவும்தான் வருகிறது.