போலி ராஜாவின் குதிரை

குரு தில்லைக்குக் கறுத்த தலை. சீடர் பெருந்தேவனுக்கு நரைத்த தலை. அப்படியும் உண்டு, நம்புங்கள்.

ஓர் அணையின் மதகுகளை ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கியது. அதன் சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள் அந்தக் கிழத்தைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளைப் பெருந்தேவன் எழுதினார். அன்று மாலை மதகு அதன் கைக்குப் போக வேண்டும்.

மத்தியானம் திரையில் ஒத்திகை பார்த்தார். மதகை ஒரு சாண் தூக்கச் சொன்னார். தூக்கியது. நிற்கவில்லை. முழுக்கத் திறந்துகொண்டது.

அணைக்குக் கீழே ஆற்றோரமெல்லாம் வீடுகள். குருவிடம் ஓடினார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“மதகு நிக்க மாட்டேங்குது, குருவே. ரெஜிஸ்டர் ரெஜிஸ்டரா பார்த்துட்டேன். சிப்பு கணக்குப் போடுறப்போ எண்களை வச்சுக்கிற குழி ஒண்ணு விடலை. எல்லாம் சிப்பு செஞ்சவங்க புத்தகத்தில் சொன்னபடியே இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“அதுதான் பயமா இருக்கு.”

தில்லை நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

“ஒரு ராஜா, ஐயா. அம்புக்குப் பயந்து தன்னைப் போலவே ஒருத்தனைத் தயார் செய்தான். நடை, இருமல், ஏப்பம், எல்லாம் அச்சு. மகாராணியே அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு முழு நாளும் திட்டினாளாம்.”

“குருவே, நேரம் போகுது...”

“ராஜாவுக்குக் கடிவாளம் பிடித்தால் கை நடுங்கும். ராஜாவுக்கு இது அழகா என்று போலி அதை மட்டும் விட்டுவிட்டான். போர் அன்று கடிவாளத்தை ஆடாமல் அசையாமல் இழுத்தான். குதிரை நிற்கவில்லை.”

“எங்கேதான் நின்றது?”

“எதிரியின் கூடாரத்தில்.”

“ஏன் நிற்கவில்லை?”

“ராஜாவின் கை நடுங்கக் கூடாது என்று குதிரைக்கு யாரும் சொல்லவில்லை.”

பெருந்தேவன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பழைய சிப்பில் ஒரு குறை உண்டு,” என்றார் மெல்ல. “கழித்தல் முடிந்ததும் ஒரு ரெஜிஸ்டரில் ஒரு பிட் அழியாமல் தங்கிவிடும். அழியணும்னு புத்தகம் சொல்லுது. நான் அழித்துவிட்டேன்.”

“மதகு எதைப் பார்த்து நின்றது?”

கிழத்தில் ஓடி, இப்போது போலிக்குள்ளும் அப்படியே ஓடும் பழைய மதகு நிரலை அவர் திறந்து வரிவரியாகப் படித்தார். அதை எழுதிய மகராசன், தங்கிவிடும் அந்த ஒரு பிட்டைப் பார்த்துத்தான் மதகை நிறுத்தியிருந்தான்.

பெருந்தேவன் அந்தக் குறையைத் தன் மென்பொருளுக்குள் மறுபடி எழுதிச் சேர்த்தார். ஓட்டினார். திரையில் மதகு ஒரு சாண் ஏறி நின்றது.

“நின்றுவிட்டதே!” என்றாள் தில்லை. “இன்னும் ஏன் வேர்க்கிறது?”

“வேறு இடங்களிலும் இப்படித் திருத்தியிருக்கிறேன், குருவே.”

“எங்கெங்கே?”

“நினைவில்லை.”

வாசலில் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட அலுவலகம் அனுப்பிய லாரி. பக்கத்து அறையில் அந்தக் கிழம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பெருந்தேவன் குருவைப் பார்த்தார்.

தில்லை எழுந்து போய் அந்த அறையைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“லாரிக்காரருக்கு ஒரு டீ சொல்லுங்க, ஐயா. அப்படியே சாப்பாடும் சொல்லுங்க. படுக்கப் பாய் இருக்கான்னும் பாருங்க.”