வெள்ளரிக்காய் மட்டும் பேசிய ஊர்

நெடுமணலூரை செண்பகராமன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர். மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தால் மட்டும் பொல்லாதவராகிவிடுவார். அதைக் கெடுப்பதற்கென்றே அரண்மனைக்குப் பின்னால் ஒரு குளத்தங்கரை மண்டபம் இருந்தது. யாரும் வரலாம், எதையும் பேசலாம். எந்தச் சாமி பெரிய சாமி என்பதிலிருந்து ராஜா போட்ட வரி நியாயமா என்பதுவரை எல்லாம் அங்கே அலசப்படும்.

ஒருநாள் பேச்சு முற்றியதில் யாரோ எறிந்த செம்பு, ராஜாவின் பள்ளியறைச் சன்னல் வழியாக வந்து விழுந்தது.

"இனி இந்த ஊரில் சாமிப் பேச்சும் கூடாது, அரசாங்கப் பேச்சும் கூடாது" என்றார் ராஜா.

படைத் தலைவரான தளவாய் உக்கிரபாண்டிக்கு ஒரே உற்சாகம். "மீறிப் பேசுகிறவன் எவனானாலும் பாதி மீசையை மழித்துவிடலாம், மகாராஜா."

அவை விகடகவி விடங்கனுக்கு இது பிடிக்கவில்லை. "செம்பு எறிந்தவனை வெளியே அனுப்பினால் போதாதா அரசே? சும்மா பேசிக்கொண்டிருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?"

"எனக்குத் தூக்கம் வேண்டும், விடங்கா."

சட்டம் வந்தது. ஊர் அடங்கியது. ஜனங்கள் மண்டபத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் விளைச்சலைப் பற்றி மட்டும் பேசினார்கள். ராஜா நன்றாகத் தூங்கினார்.

ஆனால் அந்த ஊரில் ஒரு சிக்கல் உண்டு. சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடுவே ஒரே தெரு. சிவன் கோயிலுக்கு அது கிழக்கு வீதி, பெருமாள் கோயிலுக்கு மேற்கு வீதி. இரண்டு தேரும் தத்தம் கோயிலை வலமாகத்தான் சுற்றவேண்டும். அப்படிச் சுற்றினால் அந்தத் தெருவில் ஒன்று தெற்கே பார்த்து வரும், மற்றது வடக்கே பார்த்து வரும். இரண்டுக்கும் பங்குனி உத்திரத்தன்றுதான் தேரோட்டம். காலையில் எந்தத் தேர், மாலையில் எந்தத் தேர் என்று வருஷா வருஷம் அந்த மண்டபத்தில்தான் தொண்டை கிழியப் பேசி முடிவு செய்வார்கள். இந்த வருஷம் பேசினால் மீசை போகும். ஆகவே யாரும் பேசவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. அன்று காலையில்தான் ராஜாவின் ஒரே மகளுக்குக் கல்யாணம். இரண்டு தேரும் காலையிலேயே கிளம்பி, நடுத்தெருவில் மூக்கோடு மூக்கு இடிக்காத குறையாக நின்றன. சிவன் தேருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் யானை மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் நெருங்கியது. ராஜா வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"பக்கத்தில்தான் திடல் இருக்கிறதே. ஒரு தேர் ஒதுங்கினால் என்ன? யார் ஒதுங்கவேண்டும், சொல்லுங்கள்."

சிவன் தேர்க்காரர்களின் தலைவர் தில்லையம்பலம் மீசையைப் பொத்திக்கொண்டார். "இந்த வருஷம் வெள்ளரி நல்ல காய்ப்புங்க, மகாராஜா."

பெருமாள் பக்கத்துத் தலைவர் நாரணப்பன், "பிஞ்சுதான் கொஞ்சம் கசக்குது" என்றார்.

ராஜா தளவாயைப் பார்த்தார். கன்னம் இரண்டையும் அடைத்த மீசை தளவாய்க்கு. அவர் வானத்தைப் பார்த்தார்.

"விடங்கா, நீயாவது வாயைத் திறந்து சொல்."

"எந்தச் சாமி முதலில் என்றால் அது சாமிப் பேச்சு அரசே. யார் உத்தரவு போடுவது என்றால் அது அரசாங்கப் பேச்சு. மிச்சம் இருப்பது வெள்ளரிக்காய்தான்."

ராஜா தலையில் கைவைத்துக்கொண்டார். "சட்டம் ரத்து. எல்லாரும் பேசுங்கள்."

அவ்வளவுதான், இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழவில்லை. தோளில் கிடந்த துண்டுகள் இடுப்புக்கு இறங்கின.

"பார்த்தாயா? இதற்குத்தானே தடை போட்டேன்" என்றார் ராஜா.

"ஒரே ஒரு விதி வைக்கிறேன் அரசே" என்று விடங்கன் தேர்ச்சக்கரத்தின்மேல் ஏறி நின்றான். "எது வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் முதலில் எதிராளியின் நியாயத்தைச் சொல்லவேண்டும். அவர் 'ஆமாம், சரியாகச் சொன்னீர்' என்ற பிறகுதான் தன் நியாயம்."

தில்லையம்பலம் தடுமாறினார். இப்படி அவர் யோசித்ததே கிடையாது. "அவங்க பட்டருக்கு வயசாச்சு. தேர் மேல உக்காந்திருக்காரு. வெயில் ஏறினா தாங்கமாட்டாரு."

"சரியாச் சொன்னீங்க" என்றார் நாரணப்பன். அவர் குரல் இறங்கிவிட்டது. "இவங்க தேர் ரொம்பக் கனம். திடல்ல கொண்டு நிறுத்தினா மணல்ல புதைஞ்சுடும். மறுபடி கிளப்ப உசுரு போயிடும்."

"ஆமாங்க, அதேதான். பரவால்ல, பட்டர் பாவம். நீங்க முதல்ல போங்க."

"அது எப்படிங்க? நீங்க போங்க."

"நீங்க போகாம நாங்க ஒரு அடி வைக்கமாட்டோம்."

ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "விடங்கா, முன்பு சண்டையால் நின்றார்கள். இப்போது மரியாதையால் நிற்கிறார்கள். என் மகள் மணவறையில் காத்திருக்கிறாளப்பா."

"இனிமேல் நீங்கள் தாராளமாக ஆணையிடலாம் அரசே. முன்பு யாரைப் போகச் சொல்லியிருந்தாலும் மற்றவர் உங்களுக்குப் பகையாகியிருப்பார். இப்போது போகிறவருக்கு வழி கிடைக்கும், நிற்கிறவருக்கு விட்டுக்கொடுத்த பெயர் கிடைக்கும். உங்களுக்கு மாப்பிள்ளை கிடைப்பார்."

ராஜா தெருவென்றும் பாராமல் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டுவிட்டு, பட்டரின் தேரை முதலில் போகச் சொன்னார்.